அறுபத்திரண்டாம் நம்பர் ஆட்டுக் கொட்டாய்

குந்து சார், மொதல்ல குந்து. அந்த ஸ்டூல் ஆடும், பயப்படாத, வுழாது. பவுனு, சாருக்கு ரெண்டு இட்லி வையி. வடகறி இருந்தா மேல ஊத்து. நீ யாருன்னு தெரியும் சார். கழுத்துல அட்டை தொங்குது, கையில ஸ்லேட்டு மாதிரி மிஷினு கீது. வீடு கணக்கெடுக்க வந்துகீற. எடு சார், யாரு வேணான்னது? ஆனா போன தபா இங்க இன்னா ஆச்சுன்னு தெரிஞ்சிக்கினு எறங்கு. தெரியாம எறங்குனா நீயும் அப்ப வந்த பாலகுரு சார் மாதிரி தலையில கைய வெச்சிக்கினு பம்புகிட்ட குந்திடுவ. பாவம் அந்த மனுசன்.

அத சொல்ல என்னைத் தவிர வேற ஆளு கெடையாது. பண்ணதே நான்தான். ஆர்ட்டிஸ்ட் கஜபதின்னு கேட்டுப் பாரு, மார்க்கெட் வரைக்கும் சொல்லுவாங்க. இந்த ஏரியாவுல ஆட்டோ பின்னாடி, கடை ஷட்டரு, கட்சி செவுரு, எதுல எழுத்த பாத்தாலும் அது என் கை. நெழலு போட்டு எழுதுவேன் சார். எழுத்து செவுத்த வுட்டு வெளிய வந்து நிக்கும்.

மூணு வருசம் முன்னாடி நோட்டீசு வந்துச்சு. எங்க குப்பம், இந்த பீப்பாத் தோட்டம், கால்வா ஓரத்துல கீது, காலி பண்ணணும், எல்லாருக்கும் ஊருக்கு அந்தாண்ட மாடி வீடு தராங்கன்னு. இங்கேர்ந்து முப்பது கிலோமீட்டரு. ஒரு வேன் வெச்சி எங்கள்ல பத்து பேர இட்டுக்கினு போயி காட்டுனாங்க. நானும் என் பொஞ்சாதி பவுனும் போனோம். அடேங்கப்பா! தரையில டைல்ஸு. கக்கூஸு வீட்டுக்குள்ளயே. நான் கொழாய தொறந்து தொறந்து மூடிப் பாத்தேன். அத்தோட ஒவ்வொரு பிளாக்குக்கும் சைடுல எவ்ளோ பெரிய செவுருன்ற! ஒரு பொட்டு எழுத்து கெடையாது. வெள்ளையா, சும்மா நிக்குது. எனக்கு கை அரிச்சிப் போச்சி.

பவுனு ஏழாவது மாடி ஜன்னலாண்ட நின்னுக்கினு கீழயே பாத்துக்கினு இருந்தா. "இங்க காலையில யாரு நடப்பாங்க?"ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டா. "யாரு நடந்தா இன்னாடி, நாம நடப்போம்"னேன். திரும்பி வந்து ரெண்டு நாளு என்கூட பேசல. இட்லிப் பானைய மட்டும் தேச்சிக்கினே இருந்தா. மூக்க உறிஞ்சிக்கினே தேச்சா. வேன்ல காத்து ஒத்துக்கல போலன்னு தைலம் வாங்கிக் குடுத்தேன். ஆனா ஒண்ணு சார், வேணான்னு அவ வாயத் தொறந்து சொல்லவே இல்ல. அவளுக்கும் ஆசைதான்.

அவ இட்லி யாவாரம் உனக்குத் தெரியாது. இருவது வருசம். அஞ்சரைக்கெல்லாம் மார்க்கெட் லோடுமேன்ங்க வந்து நிப்பாங்க. மூட்டை தூக்கறவன் ஒவ்வொருத்தனும் ஆறு இட்லி, ஏழு இட்லி துன்னுவான். எங்க பொண்ணு நர்சு படிச்சது, நாலு வருசம் முன்னாடி எனக்கு கண்ணு ஆபரேசன் ஆனது, எல்லாம் அந்தப் பானையில வெந்ததுதான். எனக்கும் வருமானம் உண்டு சார், இல்லன்னு சொல்லல. சீசன்ல வரும்.

அப்புறம் பாலகுரு சார் வந்தாரு. கணக்கெடுக்க. இருநூத்திப் பதினாலு வீடு, ஒவ்வொரு கதவுலயும் நம்பரு எழுதணும், அந்த நம்பருக்கு நேரா நோட்டுல குடும்பத் தலைவரு பேரு எழுதணும். நம்பரு இருந்தாத்தான் வீடு. எழுதறதுக்கு ஆளு வேணும்னு வந்து இதே ஸ்டூல்லதான் குந்துனாரு. பவுனு உடனே, "எங்க வூட்டுக்காரரு கீறாரே சார், அவரமாதிரி யாரு எழுதுவாங்க?"ன்னா. எனக்கு உள்ளுக்குள்ள ஜிவ்வுன்னு ஆயிடுச்சி. கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து என் எழுத்தப் பத்தி அவ வாயால ஒரு நல்ல வார்த்த வந்ததில்ல. அன்னிக்கி வந்துச்சு.

"வெய்யில்ல நீங்க எதுக்கு சார் அலையறீங்க? இங்கயே நெழல்ல குந்துங்க. வரிசையா யாரு யாரு வீடுன்னு நான் சொல்றேன், நீங்க நோட்டுல எழுதுங்க. அவரு போயி கதவுல எழுதிடுவாரு"ன்னா. மெதுவடை போட்டா, காப்பி போட்டா. அவரும் நல்ல மனுசன், குந்திட்டாரு. மூணு நாளும் குந்துனாரு. சட்டை பட்டன் ரெண்டு தெறிச்சிப் போச்சி.

நான் மொத ஏழு வீட்டுக்கு ஒழுங்கா எழுதிட்டேன். எட்டாவது வீடு தர்மன் வீடு. மீன்பாடி வண்டி ஓட்றவன். கதவுக்குக் குறுக்கால ரெண்டு கையையும் விரிச்சிக்கினு நிக்கறான். "எட்டா? யோவ் கஜா, எம் பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறேன். இந்த நேரத்துல எட்டு எழுதுவியா? கைய ஒடச்சிடுவேன்"றான். நியாயந்தான சார்? ஆட்டோவுக்கு நம்பரு வாங்குனா கூட எட்டு வந்தா எவன் எடுக்கறான்? கூட்டுனா எட்டு வருதுன்னே வண்டிய திருப்பி அனுப்புனவன் கீறான். இது வீடு.

மத்தியானம் சோத்துக்கு வந்தப்ப பவுனுகிட்ட சொன்னேன். அவ மாவு ஆட்டிக்கினே, "பாவம், அவங்கவங்களுக்கு ராசியானத குடேன்யா. இருநூத்திப் பதினாலு நம்பரும் எங்கியோ ஒரு கதவுல இருந்தா கணக்கு கரீட்டாத்தான இருக்கும்?"ன்னா. எனக்கு பளிச்சுன்னு ஆச்சி. அட, ஆமா! அவ சும்மா பேச்சு வாக்குல சொன்னா, யோசன என்னுதுதான். அத நீ உன் மிஷின்ல தெளிவா எழுதிக்கோ.

சாயங்காலத்துக்குள்ள தோட்டம் பூரா சேதி போச்சி. எப்பிடிப் போச்சின்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் யாருகிட்டயும் மூச்சு வுடல. மறுநா காலையில வந்து பாக்கறேன், இட்லிக்கு நிக்கற கூட்டத்தவிட நம்பருக்கு நிக்கற கூட்டம் ஜாஸ்தி. பவுனு நாள்காட்டிய மடியில வெச்சிக்கினு, பொறந்த தேதி கேட்டு, ராசி எண்ணு பாத்து சொல்லிக்கினு கீறா. கோவிந்தம்மாக்கு அஞ்சு. அந்தோணிக்கு ஒண்ணு. ஆரோக்கியமேரி, "நாங்க ராசியெல்லாம் பாக்க மாட்டோம்"னு மூஞ்ச திருப்பிக்கினு போயிட்டு, பத்து நிமிசம் கழிச்சி வந்து, "ஏழு வந்தா சந்தோசப்படுவேன், ராசிக்காக இல்ல"ன்னுது. காதர் பாய் ஓரமா நின்னாரு. கூச்ச சுபாவம். "இன்னா பாய்?"னேன். "நம்மளுக்கு எழுநூத்தி எம்பத்தாறு கெடைக்குமா கஜா?"ன்னாரு. இருக்கறதே இருநூத்திப் பதினாலுதான் பாய்னேன். மனுசன் மூஞ்சி சுண்டிப் போச்சி. பவுனு என்னப் பாத்தா. சரின்னு எழுதிக் குடுத்தேன். அந்த எட்டுக்கு ரெண்டு வளைவும் ஒரே அளவா வந்துச்சு பாரு, அப்பிடி ஒரு எட்டு நான் வாழ்க்கையில எழுதுனதில்ல. இப்பவும் கீது, தோ அந்தக் கதவுதான், பாரு.

அஞ்சுக்குத்தான் அடிதடி. கூட்டுனா அஞ்சு வரணும்னு ஆளாளுக்கு கேக்கறாங்க. இருவத்திமூணாம் நம்பர மூணு வீட்டுக்கு எழுத வேண்டியதாப் போச்சி. வேற வேற சந்துதான, ஒண்ண ஒண்ணு பாத்துக்காதுன்னு வுட்டுட்டேன். ஆனா எட்டு வர்ற நம்பருங்க நின்னு போச்சி சார். எட்டு, பதினேழு, இருவத்தாறுன்னு போயி எரநூத்தி ஆறு வரைக்கும் மொத்தம் இருவத்திமூணு நம்பரு. எவனும் சீந்தல. ராத்திரி சோறு எறங்கல எனக்கு. அத்தனையும் எழுதறேன்னு பாலகுரு சாருக்கு வாக்கு குடுத்திருக்கேன், தொழில் சுத்தம்னு ஒண்ணு கீதில்ல?

பவுனுதான், "மனுசங்க வேணான்னா மனுசங்க இல்லாத எடத்துல எழுதேன்"னா.

அவ்ளோதான், வழி பொறந்துச்சு! தர்மனோட ஆட்டுக் கொட்டாய்க்கு அறுபத்திரெண்டு. அடி பம்புக்கு முப்பத்தஞ்சு. கொடிக் கம்பத்து மேடைக்கு நாப்பத்திநாலு. பொதுக் கக்கூஸுக்கு நூத்தியேழு. கரண்டு பொட்டிக்கு, காயலாங்கடக்காரன் போட்டு வெச்சிருந்த பீரோவுக்கு, ஓட்டை படகுக்குன்னு ஒண்ணு வுடாம எழுதிட்டேன். எல்லாத்துக்கும் நெழலு போட்டேன் சார். ஆட்டுக்குதானன்னு ஏனோதானோன்னு எழுதல.

மூணாம் நாளு சாயங்காலம், "ஆச்சா கஜபதி?"ன்னாரு பாலகுரு சார். "ஆச்சு சார், இருநூத்திப் பதினாலும் எறக்கியாச்சு"ன்னேன். கை குடுத்துட்டுப் போனாரு.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சி போட்டோ எடுக்க வந்தாங்க. நாலு ஆபீசருங்க, ரெண்டு கேமரா. நம்பர கூப்புடுவாங்க, அந்தக் கதவாண்ட குடும்பத்தோட நிக்கணும். அறுபத்திரெண்டு, கோவிந்தம்மாள்னு கூப்புட்டாங்க. கோவிந்தம்மா பட்டுப் பொடவ கட்டி, தலையில பூ வெச்சி, அந்த சந்துல அது வீட்டு இருவத்திமூணாம் நம்பராண்ட நிக்குது. இவங்க அறுபத்திரெண்டத் தேடி தேடி ஆட்டுக் கொட்டாய் முன்னால வந்து நின்னாங்க. உள்ள ஒரு கெடா படுத்துக்கினு அசை போடுது.

"குடும்பத் தலைவர் எங்கம்மா?"ன்னாரு ஒரு ஆபீசரு.

தர்மன் பொண்டாட்டி, "மேயப் போயிருக்குதுங்க சார். இது கொழுந்தன்தான்"ன்னா.

நான் சிரிக்கவே இல்ல சார். சத்தியமா. ஆனா தோட்டமே சிரிச்சிது. நூத்தியேழாண்ட அதவிட மோசம். "நூத்தியேழு யாரு வீடு? வெளிய வாங்க"ன்னு கதவத் தட்டறாங்க. உள்ளேர்ந்து அந்தோணி கத்தறான், "ஆள் கீதுய்யா, இரு!"ன்னு. போட்டோக்காரன் அவசரத்துல அந்தக் கதவையும் எடுத்துக்கினான்.

மூணு நாளு எண்ணுனாங்க. மொத நாளு எரநூத்தி முப்பத்தொண்ணு வந்துச்சு. மறுநா நூத்தித் தொண்ணூத்தெட்டு. மூணாம் நாளு காதர் பாய் வீட்டுக்கு முன்னால வந்து, "அப்போ மிச்ச அஞ்சூத்திச் சொச்சம் வீடு எங்க?"ன்னு பெரிய ஆபீசரு பாலகுருவ கேக்கறாரு. அப்பத்தான் அவரு பம்பாண்ட போயி குந்துனது. முப்பத்தஞ்சாம் நம்பருக்குக் கீழ. எனக்கு பாவமாப் போச்சி சார். என்னால ஒரு மனுசன் தலை குனிஞ்சிட்டாரேன்னு. பவுனு மோரு கொண்டு போயி குடுத்தா, "வுடுங்க சார், எல்லாம் நல்லதுக்குத்தான்"ன்னு.

அடுத்த வாரம் வேற பெயிண்டரு வந்தான். என் நம்பர அழிச்சிட்டு எழுதவாம். ஒரு கதவத் தொட முடியல. தர்மன் பொண்ணுக்கு அதுக்குள்ள எடம் அமைஞ்சிடுச்சி, அவன் வீட்டு ஒம்போத தொட்டா கொலைதான். கோவிந்தம்மா கதவுல மஞ்சா குங்குமம் வெச்சிடுச்சி. பொம்பளைங்க எல்லாம் கதவ மறைச்சிக்கினு வரிசையா குந்திட்டாங்க. நடுவுல பவுனு. "நீயும் ஏன்டி குந்துற?"ன்னு கேட்டேன். "உன் எழுத்த அழிக்க வுட்டுடுவேனா?"ன்னா.

அப்புறம் எலெக்சன் வந்துச்சு. பாலகுரு சார மாத்திட்டாங்க. ஃபைலு மேல போச்சாம், கீழ வந்துச்சாம், திரும்ப மேல போச்சாம். மூணு மழை பேஞ்சிடுச்சி, நாங்க இங்கயே கீறோம்.

அந்தாண்ட கரையப் பாத்தியா? நடக்கறதுக்குக் கல்லு பாவி, பெஞ்சு போட்டு, புல்லு வெச்சிருக்காங்களே. அங்க கரிக்கொட்டாய்னு ஒரு தோட்டம் இருந்துச்சு. எங்களவிட பெருசு. அங்கயும் அதே மாசந்தான் நம்பரு எழுதுனாங்க. வேற ஆளு எழுதுனான், ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா, கோணக்கா மாணக்கான்னு, பாக்கவே சகிக்காது. ஆனா கணக்கு டக்குனு முடிஞ்சிடுச்சி. ஒரு நா காலையில லாரி வந்துச்சு, மத்தியானத்துக்கெல்லாம் வெறுந்தரை. அங்க சொர்ணம்னு ஒரு பொண்ணு, பவுனுக்கு உசுருக்கு உசுரு. இந்தத் தெருவுங்கள்ல நாலு வீட்டுல பாத்திரம் தேச்சிக்கினு இருந்துச்சு. இப்ப அந்த மாடி வீட்டுலேர்ந்து பஸ்ஸு மாறி மாறி வர்றதுக்குள்ள ஒவ்வொரு வீடா நின்னு போச்சி. ஞாயித்துக் கெழம வரும். வந்து இங்க பவுனு பக்கத்துல குந்தும். ரெண்டு பேரும் பேசக்கூட மாட்டாங்க. அது கைய இது புடிச்சிக்கினு அந்தக் கரையப் பாத்துக்கினு இருப்பாங்க. நான் கூட கேப்பேன், "இன்னா சொர்ணம், டைல்ஸு வீட்டுல சொகமா கீறியா?"ன்னு. பவுனு என்ன மொறைப்பா. ஏன்னு தெரியாது. பொம்பளைங்க சமாச்சாரம்.

சரி, இப்ப என் கொறைக்கு வரேன். எனக்கு ஒரே ஒரு கொறைதான். அந்தப் பெரிய ஆபீசரு ரிப்போர்ட்டுல இன்னா எழுதுனாருன்னு தெரியுமா? "படிப்பறிவில்லாத பெயிண்டரின் அறியாமையால் குளறுபடி." பாலகுரு சாரே மனசு கேக்காம வந்து சொன்னாரு. படிப்பறிவில்லாதவன்! நான் எட்டாங்கிளாஸ் பாஸு. இந்த ஏரியாவுல பாதி போர்டுல எழுத்துப் பெழய திருத்துனவன் நானு. அறியாமையாம்! அறியாமையா இருந்தா இருவத்திமூணு எட்டையும் ஒண்ணு வுடாம எடம் கண்டுபுடிச்சி எழுத முடியுமா? ஆடி மாசம் அம்மன் கோயில்ல எனக்குப் பொன்னாடை போத்துனாங்க சார். எதுக்குன்னு கேட்டேன். "உன் எழுத்துக்குத்தான்யா"ன்னு தர்மன் அழுவுறான். காதர் பாய் மாலை வாங்கிக்கினு வந்தாரு. ரசிக்கத் தெரிஞ்சவங்க இங்க கீறாங்க, ஆபீசுல இல்ல.

அதனால நீ ஒண்ணு செய்யணும். நடந்தது முழுக்க கஜபதியோட சொந்த யோசன, வேற யாருக்கும் இதுல ஒரு சம்பந்தமும் கெடையாதுன்னு எழுதிக்கோ. பவுனு கூட தலை ஆட்டறா பாரு. அவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஒண்ணுமே தெரியாது சார். வெள்ளந்தி.

இன்னா சார், சிரிக்கிற? அவளப் பாத்தா? இட்லி ஆறிடப் போவுது, துன்னு.

இன்னா பவுனு கேக்கற? தம்பிக்கு எந்த ஏரியான்னா? சொல்லு சார், அவளுக்கு யாரப் பாத்தாலும் ஊரு கேக்கணும்.

அங்கயா? அந்த மாடி வீட்டுலயா? அடே, நாங்க வேன்ல போயி பாத்தோமே, அதேதானா? பத்து வருசமாவா? மொதல்ல கட்டுன பிளாக்கா? எத்தினியாவது மாடி? பதினொண்ணு! காத்து பிச்சிக்கினு வருமே. அம்மா கூடவா? அம்மா முன்னாடி இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க? மீனா? மார்க்கெட்டாண்ட கூடை வெச்சா? இப்ப? மெதுவா சொல்லு சார், காதுல வுழல.

லிஃப்ட்டு ஓடாதா. முட்டி வலியா. எறங்குனா ஏற முடியாதுன்னு எறங்கறதே இல்லியா? எத்தினி மாசமா?

ஜன்னலாண்டயேவா.

ரெண்டு தான் சார் வெச்சா, இப்ப எதுக்கு நாலு வெக்கறா? பவுனு, சாரு போதும்னு சொல்றாருல்ல? இந்தா, மிஷினு மேல சாம்பாரு கொட்டிடப் போவுது. சரி, அத ஓரமா வையி சார். ஆஃப் பண்ணிட்டியா? நல்லது, சூடாவும்.

இன்னா சொன்ன சார்? திரும்பச் சொல்லு. நம்பரா? இந்தத் தபாவும் கதவுல நம்பரு எழுதியே ஆகணுமா? நானா? நானே எழுதணுமா? வெளையாடாத சார். என்ன நம்பி குடுப்பியா? எல்லாம் கேட்டுட்டுமா? அவங்கவங்களுக்கு எது புடிக்குதோ அதுவா? நீயே வாயத் தொறந்து சொல்ற, நான் சொல்லல. பவுனு, கேட்டியா? சாருக்கு என் எழுத்து புடிச்சிப் போச்சிடி! இவரு பாத்தது காதர் பாய் கதவு மட்டுந்தான், அதுக்கே வுழுந்துட்டாரு!

அட, இன்னாடி இது? எதுக்கு அழுவுற? முந்தானைய வாயில அடைச்சிக்கினு... ஏய். பொகையா? அடுப்புதான் அணைஞ்சி கீதே. பாத்தியா சார், புருசனுக்கு ஆபீசுல மரியாத வந்துடுச்சின்னதும் அவளுக்குத் தாங்கல. முப்பது வருசம் கூட இருந்து இதுகூட எனக்குத் தெரியாதா? என் எழுத்து மேல அப்பிடி ஒரு பாசம் சார் அவளுக்கு.

சரி சார், எந்திரி, கைய கழுவு, வேலைய ஆரம்பிப்போம். எந்தக் கதவுலேர்ந்து எழுதட்டும்? எங்கேர்ந்து வேணா எழுதலாமா? அப்ப இரு, அவ கண்ணத் தொடைச்சிக்கட்டும். பவுனு, நீ சொல்லு, எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?